16 வயசுல வந்த கேஸ் வேலைக்குக் குறுக்க நிக்குமா?

போன இதழ்ல போலீஸ் வெரிஃபிகேஷன் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடிதங்களைப் பாத்தா மனசு கனத்துப் போச்சு. பாதிக்கு மேல ஒரே கேள்விதான், சின்ன வயசுல நடந்தது இப்ப வேலைக்குக் குறுக்க வருமான்னு. அதனால இந்தத் தடவை பட்டா, பாகப்பிரிவினை எல்லாத்தையும் ஒதுக்கி வச்சுட்டு இதை மட்டும் பேசுவோம். யார் ஊரையும் பேரையும் முழுசாப் போடல, ஏன்னு படிச்சா உங்களுக்கே புரியும்.

வக்கீலம்மா, என் மகனுக்கு இப்ப 23 வயசு. பதினொண்ணாவது படிக்கையில எங்க ஊர் பொங்கல்ல மொளப்பாரி தூக்கிட்டுப் போறப்ப ரெண்டு தெருப் பயலுகளுக்கும் சண்டையாகி ஒருத்தனுக்கு மண்டை ஒடைஞ்சு போச்சு. எங்க பயலையும் சேத்து கேஸ் போட்டாக. மதுரையில இளைஞர் நீதிக் குழுமத்துக்கு எட்டு மாசம் அலைஞ்சோம், கடைசியில கண்டிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாக. இப்ப ஓசூர்ல ஒரு கம்பெனில வேலை கெடச்சிருக்கு. ஃபாரத்துல குற்ற வழக்கு உண்டான்னு கேட்டிருக்காகளாம். நாலு நாளா அந்தத் தாளையே பாத்துகிட்டு சரியா சோறு திங்க மாட்டேங்கிறான். என்ன எழுதச் சொல்லட்டும்? - ஒரு தாய், உசிலம்பட்டி பக்கம்

தாயி, முதல்ல பிள்ளையச் சாப்பிடச் சொல்லுங்க, அவன் பயப்படுற அளவுக்கு இதுல ஒண்ணும் இல்ல, சட்டம் அவன் பக்கம்தான் நிக்குது.

2015ல வந்த இளைஞர் நீதிச் சட்டத்துல 24வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. 18 வயசுக்குள்ள தப்பு செஞ்சு இந்தச் சட்டப்படி விசாரிக்கப்பட்ட பிள்ளைக்கு, தண்டனை வாங்கின ஆளுக்கு வர்ற எந்தத் தகுதிக் குறைவும் வரக் கூடாதுன்னு அது சொல்லுது. வேற எந்தச் சட்டத்துல என்ன எழுதியிருந்தாலும் இதுதான் மேல நிக்கும்னும் அதுலயே எழுதியிருக்கு. அதே பிரிவு இன்னொண்ணும் சொல்லுது, அந்த ரெக்கார்டுகளை அழிக்கச் சொல்லி போர்டு, அதாவது நீங்க அலைஞ்ச அந்த இளைஞர் நீதிக் குழுமம், போலீசுக்கு உத்தரவு போடணும். மத்திய அரசோட 2016 மாதிரி விதிகள்ல 14வது விதியப் பாத்தீங்கன்னா, அப்பீல் காலம் முடியுற வரைக்கும் இல்லாட்டி 7 வருஷம், அதுக்கு மேல வச்சிருக்கவே கூடாது, அழிச்சிடணும்னு இருக்கு. உங்க மகன் கணக்குக்கு அந்த 7 வருஷமும் முடிஞ்சிருக்கும் இல்ல முடியப் போகுது.

அப்புறம் 74வது பிரிவு. நன்னடத்தை சர்டிபிகேட்டுக்காகவோ வேற எதுக்காகவோ போலீஸ் அந்தப் பிள்ளையோட ரெக்கார்ட வெளிய சொல்லக் கூடாது. முதல்ல முடிஞ்சு போன கேஸுக்கு மட்டும்தான் இது இருந்துச்சு, 2021ல திருத்தம் கொண்டு வந்து நடந்துகிட்டிருக்கிற கேஸையும் சேத்துட்டாங்க. போர்டு முன்னாடி உக்காந்த பிள்ளையப் பத்தி பேசும்போது குற்றஞ்சாட்டுற மாதிரி சொல்லுகூட வரக் கூடாதுங்கிறது இந்தச் சட்டத்தோட கொள்கைகள்ல ஒண்ணு, புதுசா வாழ்க்கைய ஆரம்பிக்க விடணும்ங்கிறது இன்னொண்ணு.

சட்டம் இவ்வளவு நல்லா இருக்கேன்னு நீங்க நிம்மதியாகிடக் கூடாது தாயி. ரெக்கார்டு தானா அழியாது. நான் இந்த வேலைக்கு வந்து இத்தனை வருஷத்துல, யாரும் போய்க் கேக்காம ஸ்டேஷன்ல தானா அழிச்ச ரெக்கார்டுன்னு ஒண்ணைப் பாத்ததில்ல. கேக்கணும், எழுதிக் கேக்கணும், கேட்டதுக்கு காப்பி வச்சுக்கணும்.

இதைச் சொல்றப்ப எனக்கு ஒரு பையன் ஞாபகம் வருது. வாடிப்பட்டிப் பக்கம், இதே மாதிரி திருவிழாச் சண்டை. அவன் கேஸ் போர்டுல முடிஞ்சு போச்சு, ஆனா சண்டையில இருந்த பெரியாளுங்க மேல போட்ட கேஸ் மதுரை கோர்ட்டுல தனியா ஓடிகிட்டே இருந்துச்சு. இதுதான் நிறைய பேரு கவனிக்காத எடம். சின்னப் பிள்ளைங்க மட்டும் சம்பந்தப்பட்ட சாதாரண கேஸா இருந்தா எஃப்ஐஆரே போடக் கூடாது, ஸ்டேஷன் பொது டைரியில எழுதி, பிள்ளையோட குடும்பச் சூழ்நிலை பத்தி ஒரு ரிப்போர்ட் தயார் பண்ணி போர்டுக்கு அனுப்பணும், இது விதி. கொடுங்குற்றமா இருந்தா இல்ல பெரியவங்க கூடச் சேந்து செஞ்சதா இருந்தாத்தான் எஃப்ஐஆர். ஊர்த் திருவிழாச் சண்டையில எப்பவுமே நாலு பெரியாளும் இருப்பாங்கள்ல, அதனால எஃப்ஐஆர் விழுந்துரும், அந்தப் பட்டியல்ல ஆறாவது ஏழாவது பேரா நம்ம பிள்ளை பேரும் தகப்பன் பேரோட ஏறிரும். பிள்ளை கேஸ் பிரிஞ்சு போர்டுக்குப் போய் முடிஞ்சாலும், பெரியவங்க கேஸ் கட்டுல இருக்கிற அந்த எஃப்ஐஆர்ல பேரு அப்படியே கெடக்கும்.

அந்த வாடிப்பட்டிப் பையனோட நான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ரைட்டர் ஒரு பழைய ரிஜிஸ்டர எடுத்து, ஓரமெல்லாம் மடங்கிப் போய் கரையான் அரிச்ச மாதிரி இருந்துச்சு, விரல்ல எச்சி தொட்டுத் தொட்டு திருப்பிகிட்டே வந்து ஒரு எடத்துல நிறுத்தினாரு. பையன் பேருக்கு நேரா சிவப்பு மையில ஒரு சுழி போட்டிருந்துச்சு. அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல. அதைப் பாத்ததும் அந்தப் பையன் ரெண்டு கையையும் முழங்காலுக்கு நடுவுல சொருகிகிட்டு குனிஞ்சவன் நிமிரவே இல்ல. டிப்ளமோ முடிச்சு அஞ்சு வருஷம் ஒழுங்கா வேலை பாத்த ஆளு, அந்த ஒரு நிமிஷத்துல திரும்பவும் பதினாறு வயசுப் பிள்ளையாயிட்டான். அன்னைக்கே போர்டுக்கு மனு எழுதினோம், உத்தரவு வாங்கவே நாலு மாசம் ஆச்சு, ஆனா வாங்கிட்டோம்.

அதனால நீங்க செய்ய வேண்டியது, போர்டுக்குப் போய் காப்பி அப்ளிகேஷன் போட்டு கடைசி உத்தரவோட சர்டிஃபைடு காப்பி வாங்குங்க. கேஸ் நம்பர் தொலைஞ்சிருந்தா பயப்பட வேணாம், பிள்ளை பேரு, வருஷம், ஸ்டேஷன் பேரு சொன்னா ரிஜிஸ்டர்ல தேடிக் குடுப்பாங்க. அந்த உத்தரவுலயே ரெக்கார்ட அழிக்கணும்னு எழுதியிருக்கான்னு பாருங்க, இல்லைன்னா 24வது பிரிவைச் சொல்லி தனியா ஒரு மனு குடுங்க. உத்தரவு வந்ததும் ஒரு காப்பிய ஸ்டேஷன்லயும் ஒரு காப்பிய எஸ்.பி ஆபீஸ்லயும் குடுத்து சீல் போட்ட ரசீது வாங்கிக்கங்க. கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கிற எஃப்ஐஆர்லயும் பேரு தெரியாம பண்ணணும்னு அதே மனுவுல கேளுங்க, இத மறந்துராதீங்க, இப்பல்லாம் ரிஜிஸ்டரவிட அதுதான் முக்கியம். போர்டு உத்தரவு போட்டும் கீழ யாரும் அசையலைன்னா ஒத்தக்கடையில நம்ம ஐகோர்ட்டு பெஞ்சு இருக்கு, அங்க மனு போடலாம்.

வக்கீலுக்குக் குடுக்க காசில்லைன்னு ஒதுங்க வேணாம். மாவட்ட கோர்ட்டு வளாகத்துல சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, தகுதி உள்ளவங்களுக்கு இலவசமா வக்கீல் குடுப்பாங்க, 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம்.

இப்ப அந்த ஃபாரம். கேள்விய ஒரு எழுத்து விடாமப் படிக்கச் சொல்லுங்க. "தண்டனை பெற்றதுண்டா"ன்னு இருந்தா இல்லைன்னு எழுதலாம், போர்டு கண்டிச்சு அனுப்பினதை யாரும் தண்டனைக் கணக்குல வைக்க முடியாது. "வழக்கு நிலுவையில் உள்ளதா"ன்னு இருந்தாலும் இல்லைதான், அவன் கேஸ் முடிஞ்சு போச்சு. "எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, வழக்கு பதிவானதுண்டா"ன்னு விரிச்சுக் கேட்டிருந்தாத்தான் ரோசனை பண்ணணும். தனியார் கம்பெனிக்கு இதைச் சொல்லியே ஆகணும்னு இந்தச் சட்டத்துல எங்கயும் இல்ல, பிள்ளையோட ரகசியம் காக்கப்படணும்னுதான் இருக்கு. ஆனா பெரியவங்க கேஸ் கட்டுல பேரு கெடக்குதுன்னு தெரிஞ்சா நான் என் கட்சிக்காரங்ககிட்ட சொல்றது இதுதான், மறைச்சு மாட்டுறதவிட, "18 வயதுக்கு முன் நடந்த ஒரு விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்தில் முடிக்கப்பட்டது, சட்டப்படி அதனால் எந்தத் தகுதிக் குறைவும் இல்லை"ன்னு ஒரே வரி எழுதி உத்தரவு காப்பிய கையில வச்சுக்கங்க. சண்டைய விவரிக்க வேணாம், மன்னிப்பும் கேக்க வேணாம்.

மேடம், நான் கான்ஸ்டபிள் வேலைக்கு ரிட்டன், பிசிக்கல் எல்லாம் பாஸ் பண்ணிட்டேன். 17 வயசுல பைக் திருட்டு கேஸ்ல ஃப்ரெண்டோட சேத்து என்னையும் புடிச்சாங்க, போர்டுல என் மேல தப்பு இல்லைன்னு விட்டுட்டாங்க. ஃபாரத்துல "இல்லை"ன்னு எழுதிட்டேன். இப்ப வெரிஃபிகேஷனுக்கு வராங்க. தூக்கம் வரல. - மேலூர் வாசகர்

தம்பி, வெரிஃபிகேஷன் ரிப்போர்ட் போறதுக்குள்ள நீயே முந்திக்க. நாளைக்கு வெள்ளனே எந்திரிச்சு ஒரு கடிதம் எழுது. அப்ப எனக்கு 17 வயசு, போர்டு இந்தத் தேதியில என்னை விடுவிச்சது, இந்தச் சட்டப்படி சொல்லத் தேவையில்லைன்னு நெனச்சு அப்படி எழுதினேன், உத்தரவு காப்பி இணைச்சிருக்கேன்னு எழுதி, தேர்வு வாரியத்துக்கு பதிவுத் தபால்ல அனுப்பு.

ஏன் அவசரப்படுத்துறேன்னா, யூனிஃபார்ம் வேலையில கேஸ விட மறைச்சதத்தான் பெருசாப் பாப்பாங்க. 2016ல சுப்ரீம் கோர்ட்டு மூணு நீதிபதிகள் சேந்து இதுக்குன்னே ஒரு தீர்ப்பு குடுத்தாங்க. ஃபாரத்துல எழுதுறது உண்மையா இருக்கணும்னு சொன்னாங்க, அதே சமயம் சின்ன வயசுல நடந்த சின்ன விஷயத்த மறைச்சிருந்தா வேலை குடுக்கிறவங்க அதைப் பெருந்தன்மையா விட்டுறலாம்னும் சொன்னாங்க, ஃபாரத்துல கேள்வி தெளிவா இல்லாட்டி மறைச்சான்னு குத்தம் சொல்ல முடியாதுன்னும் சொன்னாங்க. 2019 நவம்பர்ல வந்த இன்னொரு தீர்ப்பு உனக்கு இன்னும் நெருக்கம். மத்தியப் படையில வேலைக்குத் தேர்வான ஒரு பையன், மைனரா இருந்தப்ப வந்த கேஸச் சொல்லி வேலை இல்லைன்னுட்டாங்க. சுப்ரீம் கோர்ட்டு அவன் பக்கம்தான் நின்னுச்சு, மைனரா இருக்கையில தண்டனையே ஆகியிருந்தாலும் அந்தக் கறைய அழிச்சுடணும்ங்கிறதுதான் சட்டத்தோட நோக்கம்னு எழுதினாங்க. ஆனா அந்தப் பையன் ஃபாரத்துல உண்மையச் சொல்லியிருந்தான், அதையும் உங்கிட்ட சொல்லியாகணும்.

இதையும் மீறி வேலை இல்லைன்னு லெட்டர் வந்தா அதை மடிச்சு வச்சுட்டு கோயமுத்தூர் பக்கம் மில்லு வேலைக்குப் போயிராத. ஐகோர்ட்டு பெஞ்சுல ரிட் போடலாம், தாமதம் பண்ணாம போடணும்.

எங்க அண்ணனைப் புடிச்சப்ப அவனுக்கு 17 வயசும் சில மாசமும். ஸ்டேஷன்ல 19னு எழுதிட்டாங்க, கேஸும் பெரியவங்க கோர்ட்டுலயே நடந்து அபராதம் கட்டினான். இப்ப அதை மாத்த முடியுமா? - திருமங்கலம் வாசகி

முடியும்மா. சம்பவத்தன்னிக்கு 18 ஆகலைன்னு எந்தக் கோர்ட்டுலயும் எந்தக் கட்டத்துலயும் சொல்லலாம், கேஸ் முடிஞ்ச பிறகும் சொல்லலாம், 9வது பிரிவு அப்படித்தான் இருக்கு. முதல்ல பாக்குறது பள்ளிக்கூட பிறந்த தேதி சர்டிபிகேட் இல்ல பத்தாவது மார்க் ஷீட், அது இல்லைன்னா நகராட்சி, பஞ்சாயத்து பிறப்புச் சான்று, ரெண்டுமே இல்லைன்னாத்தான் எலும்பு டெஸ்ட். அண்ணன் பத்தாவது படிச்சிருந்தா அந்த மார்க் ஷீட்டத் தேடி எடுத்து பத்திரமா வைங்க, அதை வச்சுத்தான் எல்லாமே.

மகன் பேரை கூகுள்ல போட்டா 6 வருஷத்துக்கு முந்தி ஒரு உள்ளூர் யூடியூப் சேனல் போட்ட வீடியோ வருது. அப்ப அவனுக்கு 15 வயசு. பேரு, தெரு, போட்டோ எல்லாம் இருக்கு. இன்டர்வியூல அதைக் காட்டியே கேட்டிருக்காங்க. - ஒரு தகப்பனார், மதுரை

ஐயா, இதைப் படிச்சதும் எனக்கு ஆத்திரமா வந்துச்சு. 15 வயசுப் பிள்ளை முகத்தக் காட்டி வீடியோ போட்டு பாக்குறவங்க எண்ணிக்கைய ஏத்திக்கிட்டாங்க, பிள்ளை 21 வயசுல இன்டர்வியூல தலை குனிஞ்சு நிக்குறான்.

சட்டத்தோட சிக்கல்ல மாட்டின பிள்ளையோட பேரு, விலாசம், பள்ளிக்கூடம், அடையாளம் தெரியுற எதையும் பத்திரிகையோ டிவியோ வேற எந்த ஊடகமோ போடக் கூடாது, அதே 74வது பிரிவுதான். மீறினா 6 மாசம் வரை ஜெயில், இல்ல 2 லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும். அந்த வீடியோ லிங்க், தேதி, சேனல் பேரு தெரியுற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் எடுத்துக்கங்க, அழிக்கிறதுக்கு முந்தி எடுக்கணும். சேனலுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ், சைபர் கிரைம்ல ஒரு புகார், யூடியூப்லயே தனியுரிமை மீறல்னு ஒரு புகார். மூணையும் ஒரே வாரத்துல பண்ணுங்க. இப்ப நான் கடிதத்துல யார் பேரையும் போடாததுக்கும் இதுதான் காரணம்.

எனக்கு கீழமாசி வீதியில மொத்த வியாபாரக் கடை. பில் போட ஒரு பையனைச் சேத்தேன், கணக்கு சுத்தமா இருக்கு. தெரிஞ்ச ஏட்டு ஒருத்தர் வந்து, இவன் 16 வயசுல கூர்நோக்கு இல்லத்துல இருந்தவன்னு சொல்லிட்டுப் போனாரு. வச்சுக்கலாமா? - கடைக்காரர்

வச்சுக்கங்க அண்ணே. நீங்களே எழுதியிருக்கீங்க, கணக்கு சுத்தமா இருக்குன்னு. அவன்கிட்ட நீங்க கண்ணால பாத்தது அது, ஏட்டு சொன்னது காதால கேட்டது, அதுவும் அவரு சொல்லவே கூடாதது.

கூர்நோக்கு இல்லத்துல இருந்ததுன்னா குற்றம் நிரூபணமாச்சுன்னு அர்த்தமும் இல்ல. விசாரணை நடக்கிற காலத்துல ஜாமீன் எடுக்க ஆளில்லாத பிள்ளைங்களும் அங்கதான் இருக்கும். அப்பா அம்மா இல்லாத, இல்ல இருந்தும் வராத பிள்ளைங்க எத்தனையோ பேரை அங்க பாத்திருக்கேன். கையெழுத்துப் போட ஒரு தாய்மாமன் வந்திருந்தா அந்தப் பையன் அன்னைக்கே வீட்டுக்குப் போயிருப்பான்.

இதைப் பத்தி அவன்கிட்ட நீங்க கேக்கவும் வேணாம். ஒருநாள் அவனா சொன்னா கேட்டுக்கங்க.

பேரன் மேல 17 வயசுல கொலை கேஸ். பெரியவங்க மாதிரியே விசாரிச்சாங்கன்னு சொல்றாங்க. அவனுக்கும் இந்த 24வது பிரிவு உண்டா? - ஒரு பாட்டி, சோழவந்தான் பக்கம்

அம்மாச்சி, உங்ககிட்ட பூசி மெழுகிச் சொல்ல மனசு வரல. குறைஞ்சது 7 வருஷ தண்டனை உள்ள கொடுங்குற்றமா இருந்து, பிள்ளைக்கு 16 முடிஞ்சிருந்தா, போர்டு முதல்ல அவன் மனநிலை, சூழ்நிலை எல்லாம் பாத்துட்டு குழந்தைகள் கோர்ட்டுக்கு அனுப்பலாம். அங்க பெரியவங்க மாதிரி விசாரிச்சு குற்றம் நிரூபணமானா 24வது பிரிவு பாதுகாப்பு கிடையாது, ரெக்கார்டும் அந்தக் கோர்ட்டுல இருக்கும்.

ஆனா "சொல்றாங்க"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஒரு நம்பிக்கை. குழந்தைகள் கோர்ட்டுக்குப் போன பிறகும் அந்த நீதிபதி, இவனைப் பெரியவனா விசாரிக்கத் தேவையில்லைன்னு முடிவு பண்ணி போர்டு மாதிரியே விசாரிச்சிருக்கலாம். அப்படின்னா பாதுகாப்பு முழுசா இருக்கு. கேஸ் நடத்தினவங்களுக்கே பல நேரம் இந்த வித்தியாசம் தெரியாம "பெரியவங்க கேஸ்"னு சொல்லி அனுப்பிருவாங்க. தீர்ப்பு காப்பிய எடுத்து 19வது பிரிவுல எந்த உட்பிரிவுல விசாரிச்சாங்கன்னு ஒரு வக்கீல வச்சுப் படிக்கணும். தீர்ப்பு கையில இருந்தா எனக்கே அனுப்புங்க அம்மாச்சி, நான் படிச்சுச் சொல்றேன்.

ஐ.டி வேலை, கம்பெனி அமெரிக்கா அனுப்புது. சின்ன வயசு கேஸ விசா ஃபாரத்துல சொல்லணுமா? - கே.கே. நகர் வாசகர்

நம்ம 24வது பிரிவு நம்ம ஊர் எல்லைக்குள்ளதான். அமெரிக்க விசா ஃபாரத்துல, மன்னிப்பு கிடைச்சிருந்தாலும் எப்பவாவது கைதாகியிருக்கீங்களா, தண்டனை ஆகியிருக்கான்னு கேக்குறாங்க, அங்க பொய் சொன்னா பின்னால வரவே முடியாத மாதிரி கதவ அடைச்சிருவாங்க. உங்க போர்டு உத்தரவ எடுத்துகிட்டு, அந்த நாட்டுச் சட்டம் தெரிஞ்ச இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட காட்டிக் கேட்டுட்டு அப்புறம் டிக் பண்ணுங்க. பாஸ்போர்ட்டுக்கு இந்தக் கவலை வேணாம், அங்க பாக்குறது நடந்துகிட்டிருக்கிற கேஸையும், கடைசி 5 வருஷத்துக்குள்ள 2 வருஷத்துக்குக் குறையாம தண்டனை வாங்கினதையும்தான்.